மூச்சு வேண்டாத ஒன்று

மனைவி வடிவின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த கட்டியை டாக்டரம்மா தட்டில் கொண்டுவந்து கதிரேசனிடம் காட்டினார்.

"கீமோவுல ஓரமெல்லாம் செத்துருச்சு. உள்ள பாருங்க."

கத்தியால் பிளந்ததும் நாற்றம் கிளம்பியது. நடுவில் அழுகிய கூழ். அதைச் சுற்றி ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு வளையம்.

"இது உயிரோட இருக்கு. இங்க ரத்தம் சரியா வரல, அதனால மருந்தும் வரல. ஆக்ஸிஜன் இல்லாமலே பிழைக்கப் பழகிடுச்சு. இந்த மாதிரி செல்லை மருந்து லேசுல கொல்லாது."

மாதக்கணக்கில் வடிவின் வாந்தியைக் கையில் ஏந்தியவர் கதிரேசன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முடி கொட்டி, நகம் கறுத்து, சோற்று வாசனைக்கே அவள் ஓங்கரித்தபோதெல்லாம் இது மட்டும் உள்ளே சுகமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டிலிருந்து விலகினார்.

வார்டில் வடிவு கண் விழித்தாள். "என்னங்க, எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

அவள் கையை நீட்டினாள். கட்டியை அவர் தொடவேயில்லை. ஆனாலும், "இரு, கை கழுவிட்டு வந்துடுறேன்" என்று குழாயடிக்குப் போனார். சோப்பைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். நீட்டிய கையை வடிவு மடக்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.