வெள்ளைப் புள்ளி

வானிலைக் கணினி மாதிரி கணித்த மழையிலிருந்து உண்மையில் அளந்த மழையைக் கழித்து, ஜெசிந்தா வரைபடத்துக்கு நிறம் கொடுத்தாள். மிஞ்சினால் நீலம், குறைந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் வெள்ளை. மலையடிவாரத்து நிலையம் ஒன்று மட்டும் வெள்ளையாகவே நின்றது. ஆறு வருடமாக ஒரு மில்லிமீட்டர்கூடப் பிழையில்லை. எந்த மாதிரிக்கும் அது வாய்க்காது. ஒரே தரவையே இருமுறை கொடுத்துவிட்டோமோ என்று சரிபார்த்தாள். இல்லை. அங்கே மழை அளக்கும் தங்கப்பழத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மழைமானி ஒடைஞ்சு ஆறு வருசமாச்சும்மா. காலைல மனசுல தோணுறத எழுதிருவேன். எழுதுனபடியே பெஞ்சிருது."

மாதிரியில் நாளைய எண்ணைப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது மில்லிமீட்டர்.

"நாளைக்கு என்ன தோணுது?"

மறுமுனையில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அறுநூத்தி நாப்பது. ஊரு தாங்காதும்மா" என்றார் தங்கப்பழம். "எழுதாம இருந்து பாக்கட்டுமா?"