பதின்மூன்றாவது இதழ்

மலேசியாவில், ஈப்போ மாலில் நடக்கும் தீபாவளிக் கோலப் போட்டியில் மூன்று வருடமாகக் பக்கத்து ஊரான கோப்பெங்கின் குமுதாதான் ஜெயிக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. இந்த முறை கோலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். ஓர் இதழை வரைந்து, அதன் கோடு, வண்ண லேயர்களை ஒன்றாகச் சேர்த்து, நகலெடுத்து, வட்டமாகத் திருப்பி வைத்தேன். பன்னிரண்டு இதழில் வட்டம் நிறைந்துவிட வேண்டும். எண்ணினால் பதின்மூன்று. கடைசி இதழில் மட்டும் நான் தொடாத மயில்நீலம். அழித்தேன், மறுபடி வந்தது. அழகாக இருந்ததால் போட்டியன்று அப்படியே வண்ண அரிசியில் போட்டேன்.

பக்கத்தில் குமுதா தன் கோலத்தின் முன் மண்டியிட்டிருந்தாள்.

"அக்கா, எத்தன தடவ போட்டாலும் பதினொன்னுதான் வருதுலா. பன்னெண்டாவதா போடுற மயில்நீல இதழ் மட்டும் நிக்க மாட்டேங்குது."

நான் நகர்ந்து என் நீல இதழை மறைத்து நின்றேன்.

முதல் பரிசு எனக்குத்தான். என் பன்னிரண்டு இதழ்களையும் மிதித்துக்கொண்டு, எல்லாரும் அந்த நீலத்தை மட்டும் படமெடுத்தார்கள்.