கிண்ணத்தின் அடியில் இருந்த பெயர்

ஜப்பானில், பழைய துப்பாக்கிகளும் பீங்கான்களும் விற்கும் கிடங்கில் எனக்கு வேலை. பொருளைக் கவிழ்த்து, செய்தவரின் முத்திரையைத் தேடிப் படமெடுப்பேன். அதைப் பார்த்து முதலாளி வயதைச் சொல்வார். இன்று காலை ஒரு கிண்ணத்துக்கு, நூற்றிருபது வருடம் என்றார்.

அந்த முத்திரைக்குக் கீழே தமிழ் எழுத்துகள் இருந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடுக்கும் பாத்திரங்களில் நம் ஊரில் இறந்தவர் பெயர் வெட்டுவார்களே, அதுபோலப் புள்ளி புள்ளியாக. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சூளையில் சுடுவதற்கு முன்பே, பூச்சுக்கு அடியில் பதிந்த எழுத்துகள் அவை.

"வீராயி நினைவாக, ஆலத்தியூர்." அதன் கீழே வருகிற வெள்ளிக்கிழமையின் தேதி, வருடத்தோடு.

வீராயி என் அம்மா; ஆலத்தியூர் எங்கள் ஊர். வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள்.

"என்னா தம்பி, சாப்ட்டியா?"

"ஒடம்பு நல்லாருக்காம்மா?"

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன். நீதான் போட்டோல எளச்சுக் கெடக்குற."

கிண்ணத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

"பீங்கான்லயா வெட்டிப்புட்டான்? அரியலூர் கடையில எவர்சில்வர்னு தானடா சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "சரி, தேதியயாவது சரியாப் போட்ருக்கானா பாரு."