அம்மாசியின் இடம்

ஊரார் கழனியிலேயே காலத்தை ஓட்டிய அம்மாசிக்கு முதன்முதலாகத் தன் பேரில் ஓர் இடம் கிடைத்திருந்தது. பேரூராட்சி இடுகாட்டில், பெண்டாட்டி செவ்வந்தியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வாடகைக்கு. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

"அளவு பாத்துக் கல்லு நட்டுடலாம். படுங்கண்ணே," என்றான் குழி வெட்டும் கொளஞ்சியப்பன்.

அம்மாசி சிரித்துக்கொண்டே ஈர மண்ணில் நீட்டிப் படுத்தான். கால் எங்கும் முட்டவில்லை.

"நம்ம வூட்டவிட எடம் ஜாஸ்திடா," என்று எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு கொளஞ்சியப்பனுக்குப் பின்னால் வந்து நின்றான்.

கொளஞ்சியப்பன் குனிந்தபடியே மூங்கில் கழியால் அளந்துகொண்டிருந்தான்.

"தலைய இன்னும் கொஞ்சம் தெக்கால தள்ளிக்குங்கண்ணே," என்றான்.

அம்மாசி எட்டிப் பார்த்தான். வெறும் மண்ணில் தன் தலை பதிந்திருந்த பள்ளம் ஒரு சாண் தெற்கே நகர்ந்தது.