எண் இல்லாத ஈர்க்குச்சி

துடைப்பத்திலிருந்து உருவியபோது ஈர்க்குச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மருதப்பன் அதைத் தரையில் வைத்து, "இதுமேல கால வை, புள்ள" என்று மனைவியிடம் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

குயிலிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கி, பழைய செருப்பு கடித்தது. மர ஸ்கேலால் அளந்து மருதப்பன் வாங்கிவந்த புதுச் செருப்போ தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டு நடந்து நேற்று வாசலில் விழப் பார்த்தாள்.

குதிகாலிலிருந்து பெருவிரல் வரை விட்டு, மீதியைச் சடக்கென்று ஒடித்தான் மருதப்பன்.

அலமாரியிலிருந்த ஸ்கேல் சிரித்தது. "இருந்த உடம்பும் போச்சா? என்னைப் பாரு, முப்பது சென்டிமீட்டர். உன் மேல ஒரு எண்ணாவது இருக்கா?"

"உன் முனை தேஞ்சு, முதல் அரை சென்டிமீட்டரையே காணோமேண்ணே!"

ஸ்கேல் தேய்ந்த முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சட்டைப் பையில் ஏறிக் கடைக்குப் போன ஈர்க்குச்சி, ஒவ்வொரு செருப்பிலும் படுத்துப் பார்த்தது. ஒன்றில் வளைந்தது, ஒன்றில் உருண்டது. எட்டாவது ஜோடியில் அச்சாகப் பொருந்தியது.

சாயங்காலம் குயிலி அதை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். "காலோடயே பொறந்த மாதிரி இருக்குங்க!"

மருதப்பன் ஈர்க்குச்சியைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில், ஸ்கேலுக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

ஸ்கேலுக்குப் பொறுக்கவில்லை. "அதிருக்கட்டும், நீ எத்தனை சென்டிமீட்டர்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே" என்று சொகுசாகப் படுத்துக்கொண்டது ஈர்க்குச்சி. "நான் குயிலி கால் அளவு."