பிரித்த பெட்டி

ஹம்ரா தெருவில் மின்சாரம் போய்விட்டது; ஜெனரேட்டர் இரைச்சலில் கஸ்ஸானின் செல்போன் கடையே அதிர்கிறது. கண்ணாடி மேசைமேல் இரண்டு கருவிகள். கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பிட்காயினைப் பூட்டிவைக்க நுஹாத் டீச்சர் இதில் ஒன்றை வாங்கியாக வேண்டும். ஒன்று கட்டைவிரல் அளவு, இரண்டே பொத்தான்கள். மற்றது தொடுதிரை வைத்தது, விலையும் கூடுதல். இரண்டையும் மாறி மாறிக் கையிலெடுத்துப் பார்க்கிறாள். மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்குகிறது, முட்டி வலிக்கிறது. எதிர்ச்சாரியில் அவளுடைய வங்கி, போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தராமல், வாசலில் இரும்புத் தகடு அடித்து நிற்கிறது. ஆயுசுச் சம்பளம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம்.

“எது தம்பி சீக்கிரம் கெட்டுப்போகாது?”

“கெட்டாலும் பயமில்ல டீச்சர். இந்த அட்டையில இருக்கிற இருபத்துநாலு ரகசிய வார்த்தைதான் சாவி, அது யார் கையில இருக்கோ, காசு அவங்களுது. வேற கருவியில போட்டா வந்துரும்.” கஸ்ஸான் காபியை அவள் பக்கம் நகர்த்துகிறான். “சின்னதையே எடுத்துக்குங்க. உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நானே பெட்டியப் பிரிச்சு, எல்லாம் எழுதி வச்சுட்டேன்.”

அட்டையில் அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

“இது தொலைஞ்சுபோனா?”

“கவலையே படாதீங்க. எங்கிட்ட ஒரு நகல் இருக்கு.”

நுஹாத் காபியை மெதுவாகக் குடித்து முடிக்கிறாள். இரண்டு கருவிகளையும் அவன் பக்கமே தள்ளிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். அவன் நிமிர்ந்து பார்க்கிறான். கண்ணில் கள்ளமே இல்லை. வங்கி மேலாளர் கண்ணிலும் இருந்ததில்லை.