ஒத்திகைப் பிணம்

அவள் காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பலகை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

வலி வாயில் இருந்தது.

தாலுகா ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல். பந்தலுக்கடியில் வரிசையாக ஸ்ட்ரெச்சர்கள். தலையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டவர்கள், கழுத்திலிருந்து கையைக் கட்டித் தொங்கவிட்டவர்கள், மயங்கிக் கிடந்தபடியே செல்போன் பார்த்தவர்கள். புயல் ஒத்திகை. புயல் வந்தால் கரையோரத்து ஜனங்களை எப்படிக் காப்பாற்றுவது என்று, மேலிடத்திலிருந்து வந்தவர்களுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் ஆள் கேட்டு வந்தபோது மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கால் முறிந்தவளாகப் போய்ப் படுப்பதற்கு யாருக்கு மனசு வரும்? இவள்தான் கையைத் தூக்கினாள்.

இடது கன்னம் சில நாட்களாகவே வீங்கிக் கிடந்தது. பல் டாக்டர் இருப்பது இந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான். பஸ் மாறி மாறி அவள் வந்து நின்றபோதெல்லாம் பல் அறை பூட்டியிருந்தது. டாக்டர் காய்ச்சல் முகாமுக்குப் போயிருக்கிறார். டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். பல்லுக்கு என்ன அவசரம், ஓடியா போய்விடும் என்று எல்லா வேலைக்கும் அவரைத்தான் அனுப்புவார்களாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இன்றைக்கு ஒரு டாக்டர்கூட வெளியே போகக் கூடாது. அதை அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. மகளுக்கு இடுப்புவலி எடுத்தபோது எவ்வளவு கூப்பிட்டும் வராத வண்டி, இவளை அள்ளிப் போட்டுக்கொண்டு சைரனோடு பறந்தது. மீன் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. நோகாமல் நொங்கு தின்பது என்பார்களே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு. சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வலித்தது.

பந்தலில் இறக்கியதும் ஒரு நர்ஸ் வந்து அவள் கையில் மஞ்சள் நாடா கட்டினாள். இவர் காத்திருக்கலாம் என்று அர்த்தம்.

"சிஸ்டர், காலு கெடக்கட்டும். பல்லுதான். எச்சி முழுங்க முடியல."

"நல்லா செய்றீங்கக்கா. ஆனா ஒங்களுக்குக் கால்தான் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எப்ப இருந்தும்மா வீக்கம்?"

கேட்டது பிணம்.

பக்கத்து ஸ்ட்ரெச்சரில் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. இப்போது துணி கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளவயதுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருய்யா?"

"பல் டாக்டர்."

புயலில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று ஆலோசனைக் கூட்டத்தில் கேட்டார்களாம். அதனால் அவருக்கு இறந்தவர் வேஷம். அசையாமல் கிடந்தால் போதும்.

"வாயத் தொறங்கம்மா."

திறந்தாள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அவர் துணிக்குள்ளிருந்து கையை நீட்டித் தாடைக்கு அடியில் தொட்டார். கழுத்தைத் தொட்டார். கல்லாக இருந்தது. நாக்கைத் தூக்கச் சொன்னார். அது ஏற்கெனவே வீக்கத்தில் மேலே ஏறி நின்றது.

துணியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சார்! இந்தம்மாவ உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகணும். சீழ் கழுத்துக்கு எறங்கிருச்சு. இன்னும் வீங்குனா மூச்சு அடைச்சிரும்."

பந்தலே திரும்பிப் பார்த்தது.

மேலிடத்து அதிகாரி கைக்கடிகாரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. விறுவிறுவென்று வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"செத்தவன் எந்திரிக்கலாமாய்யா? அவங்க பாத்துட்டு நிக்கிறாங்க. பல்வலிதான? எல்லாம் முடியட்டும், பாத்துக்கலாம். படு."

"சார், இது நடிப்பு இல்ல சார்."

"ஒன் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

அவள் ஸ்ட்ரெச்சரில் கையால் அடித்தாள். "நெசமாத்தான்யா வலிக்கிது. நெசமாத்தான்." சொல் பாதிதான் வெளியே வந்தது.

"ரொம்ப இயல்பா பண்றாங்க" என்றார் அதிகாரி. நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

பல் டாக்டர் அவளைப் பார்த்தார். பெரிய டாக்டரைப் பார்த்தார். நல்ல பையன்தான். படித்த பையன். பயந்த பையன். அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மெல்லச் சாய்ந்தார். துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கொஞ்ச நேரந்தாம்மா" என்றது துணிக்குள்ளிருந்து குரல். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால முடிஞ்சிரும்."

படுத்திருக்க அவளுக்கு மூச்சு முட்டியது. கையூன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து, தோளைப் பிடித்து மறுபடியும் மல்லாக்கப் படுக்கவைத்தார். கால் முறிந்தவர்கள் எழுந்திருக்கக் கூடாதாம். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னார்.

அவள் முகத்தைப் பக்கத்து ஸ்ட்ரெச்சர் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைத் துணி மூக்குக்கு நேராக ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது.

பிணத்துக்கு மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.